குறுக்குத் தெருக்களையும் வரைபடத்தில் போடுங்கள்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தாருக்கு,

வணக்கம். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த உங்கள் எல்லை 2022 அரசாணையில் 5,904 ஆகிவிட்டது. ராணிப்பேட்டை மாவட்டத்து வயல்வெளி வரை இனி உங்கள் பொறுப்பு. நகர வளர்ச்சிக்கு நீங்கள் தயாரிக்கும் மூன்றாம் முழுமைத் திட்டத்தில் பெரிய சாலைகளும் மெட்ரோவும் எப்படியும் இடம்பிடித்துவிடும். அவற்றுக்காகப் பேச ஆள் இருக்கிறது. நான் கேட்க வந்தது குறுக்குத் தெருக்களை.

தி.நகர் 1920களில் ஏரியைத் தூர்த்து உருவானது. (தூர்த்தது சரியா என்பது வேறு கதை.) 1968 உலக வர்த்தகக் கண்காட்சியை ஒட்டி வளர்ந்தது அண்ணா நகர். இரண்டிலும் தெருக்களை மொத்தமாகத் திட்டம்போட்டு வரைந்தார்கள். அதனால்தான் ஒரு தெருவைக் கல்யாணப் பந்தல் போட்டு அடைத்தாலும் அடுத்த தெருவில் புகுந்து போய்விட முடிகிறது.

பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) அது நடக்காது. அங்கே வயல் விற்ற வரிசையில் ஊர் வளர்ந்தது. ஒவ்வொரு பட்டாவும் தனி லேஅவுட், ஒவ்வொன்றுக்கும் மெயின் ரோட்டில் ஒரே வாசல், மறுமுனையில் காம்பவுண்டு சுவர். சாலைக்குக் கிழக்கே போனால் பக்கிங்காம் கால்வாய் முட்டும். சோழிங்கநல்லூரை விட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கடக்க கேளம்பாக்கம் வரை போக வேண்டியிருக்கும்.

எங்கள் பகுதியில் இரண்டு மனைப்பிரிவுகளுக்கு நடுவே ஒரு சுவர். எங்கள் மொட்டைமாடியிலிருந்து அந்தப் பக்கத்து மருந்துக்கடையின் போர்டைப் படிக்கலாம். ஆனால் மாத்திரை வாங்க மெயின் ரோட்டுக்குப் போய், யூ டர்ன் போட்டு, அடுத்த கேட்டில் வாட்ச்மேனிடம் பதில் சொல்லி உள்ளே போக வேண்டும். யாரோ நாலு செங்கல்லைப் பெயர்த்து வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையை முதலில் வீசிவிட்டு நுழைந்துகொண்டிருந்தார்கள். குடியிருப்போர் சங்கத்தார் சிமென்ட் பூசினார்கள். மறுபடி ஓட்டை விழுந்தது. கூப்பிடு தூரத்துக்கும் வண்டி எடுக்க வைத்துவிட்டு, ஓ.எம்.ஆரில் நெரிசல் என்று புலம்பி என்ன பயன்? முட்டுச்சந்துக்குள் மினி பஸ் விட்டாலும் திரும்ப வழியில்லை.

வெளியாட்கள் வருவார்கள், திருட்டு நடக்கும் என்று குடியிருப்போர் பயப்படுவது புரிகிறது. சரி, கார் வேண்டாம். ஆள் நடக்கவும் சைக்கிள் போகவும் ஒரு பாதை, அதில் ஒரு தெருவிளக்கு போதும்.

உங்கள் எல்லையில் புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் இன்னும் சுவர் எழவில்லை. அகமதாபாத்தில் நில உரிமையாளர்கள் எல்லாரிடமும் ஒரு பங்கு வாங்கி, வயல்களை ஒன்றாக்கி, தெரு போட்டு, மீதியை மனையாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். நம் சட்டத்திலும் அதற்கு இடம் வந்துவிட்டது. அதற்கு நாளாகும் என்றால், குறைந்தபட்சம் பக்கத்து சர்வே எண்ணின் தெரு எங்கே முடிகிறது, அதோடு எங்கே இணைகிறோம் என்று வரைபடத்தில் காட்டாத லேஅவுட்டுக்கு அப்ரூவல் தராதீர்கள். தெருக்களை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்கும் தானப்பத்திரத்தில் அந்த இணைப்பும் ஏறட்டும்.

அரக்கோணம் பக்கம் மனை போடுகிறவர்கள் உங்கள் திட்டம் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. இந்த ஒரு விதியையாவது முன்கூட்டியே கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஓ.எம்.ஆர். வாசி ஒருவர்