போர்க்கைதிகளாக இருந்து மீண்ட வட ஆற்காட்டுப் படைவீரர்களின் பெயர்களைப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற ஹவில்தார், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்,
கம்மவான்பேட்டை அருகில், கணியம்பாடி ஒன்றியம்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து போருக்குப் போய், எதிரியிடம் சிறைப்பட்டு, உயிரோடு திரும்பிய வீரர்களின் குடும்பங்களில் உள்ள ஆவணங்களைப் படியெடுத்துப் பாதுகாக்கவும், மணிக்கூண்டில் தமிழ்ப் பலகை வைக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 24 வருடம் ராணுவத்தில் சாப்பராக, அதாவது பாலம், பாதை வேலை பார்க்கும் பொறியியல் படை வீரனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருப்பது அதிசயமில்லை. பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இந்த மனு எனக்காக இல்லை. என் தாத்தாவுக்காகவும், அவரைப் போல எந்தக் கல்வெட்டிலும் ஏறாமல் போனவர்களுக்காகவும்.

நீண்ட கடைவீதி மணிக்கூண்டில் ஒரு ஆங்கிலக் கல்வெட்டு உண்டு. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிர் விட்டார்கள் என்று அதில் இருக்கிறது. சின்ன வயதில் என் தாத்தா என்னை அதன் கீழே நிறுத்தி, "கழிச்சுச் சொல்லுடா" என்பார். 263 என்பேன். "அந்த 263 பேரு எங்க?" என்று கேட்பார். எனக்கு அது கணக்குப் பாடமாகத்தான் தெரிந்தது. அவர் தன்னையும் அந்த மிச்சத்தில் சேர்த்துத்தான் கேட்டார் என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது.

தாத்தா போனது அடுத்த போருக்கு. மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனி ஒன்றில் மலேயாவுக்குப் போனார். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் இறங்கினார்கள். அதற்கப்புறம் சாப்பர்களுக்கு ஒரே வேலைதான்: நம் படை தாண்டியதும் பாலத்தை உடைப்பது, அடுத்த ஆற்றுக்கு ஓடுவது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, இந்தியச் சிப்பாய்களை மட்டும் பிரித்து பாரர் பார்க் மைதானத்தில் உட்கார வைத்தார்கள். 40,000 பேருக்கு மேல் இருந்த கூட்டம் அது. பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். புஜிவாரா என்ற ஜப்பானிய மேஜர் பேசினார், அதை ஆங்கிலத்திலும் இந்துஸ்தானியிலும் பெயர்த்தார்கள். பிரிட்டிஷாரை எதிர்க்க ஜப்பானியர் துணையோடு இந்திய தேசிய ராணுவத்தை அமைத்த மோகன் சிங் பேசினார். தமிழில் ஒருவரும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்க்காரரிடம் தாத்தா, "இன்னாடா சொல்றான்?" என்று கேட்டாராம். அவர், "நம்மள வித்துட்டான்ங்கறான்" என்றாராம். அந்த மொழிபெயர்ப்பில் பெரிய பிழை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஊர்க்காரர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். தாத்தா சேரவில்லை. ஏன் என்று பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு காரணம் சொன்னார். ஒருநாள் மட்டும், "அவனும் சரி, நானும் சரி, அத இங்க உக்காந்துகினு பேசக் கூடாது" என்று முடித்துவிட்டார். ஊருக்குத் திரும்பிய பிறகு இருவரும் சாகும்வரை ஒரே வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்தார்கள். தாத்தாவுக்குச் சிறையிருந்த காலத்துச் சம்பளப் பாக்கி வந்தது. நண்பருக்குப் பழைய வேலையும் இல்லை, பாக்கியும் இல்லை. 1972க்குப் பிறகுதான் விடுதலைப் போராட்ட வீரருக்கான ஓய்வூதியம் கிடைத்தது. முதல் தவணை வாங்கிய அன்று அவர் தாத்தாவுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

சேராதவர்களைக் கப்பலில் ஏற்றித் தெற்குக் கடல் தீவுகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். போர்க்கைதிகள் பற்றிய 1929 ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அதை உறுதி செய்யவில்லை. நியூகினியின் வேவாக் பக்கம் போனவர்களில் மிகச் சிலரே மிஞ்சினார்கள். அந்தச் சிலரில் ஒருவரான சிந்த் சிங், பிறகு போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொன்னார். தாத்தா போய்ச் சேர்ந்த இடம் ரபாவுல். நியூ பிரிட்டன் தீவில், எரிமலைகள் சூழ்ந்த துறைமுகம். "மலை புகை விடும், சோத்துல சாம்பல் விழும்" என்பார். குகை வெட்டுவது, மூட்டை தூக்குவது, விமானத் தளத்தில் குண்டுக்குழி மூடுவது என்று வேலை. குண்டு போட்டது நேச நாட்டு விமானங்கள், அதாவது இவர் எந்தப் பக்கத்துச் சிப்பாயோ அந்தப் பக்கத்து விமானங்கள். 1944இல் அந்தத் தீவுக்குக் கப்பல் வருவது நின்றுபோனது. காவல்காரனுக்கும் கைதிக்கும் ஒரே சாப்பாடு, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும். அவனுக்குக் கொஞ்சம் கூட, இவர்களுக்கு ரொம்பக் குறைச்சல், அவ்வளவுதான் வித்தியாசம். கடைசிவரை எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு வாங்கியதில்லை. ஜவ்வாது மலைக்காரர்கள் கூடையில் கொண்டுவந்தால் தாத்தா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

எப்படித் தாங்கினார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். அது எந்த அரசு ஏட்டிலும் இருக்காது.

முதலில் உடம்பு. தீட்டிய அரிசியை மட்டும் மாதக்கணக்கில் தின்றால் கால் வீங்கும், அழுத்தினால் குழி விழும், அப்புறம் இதயம் நிற்கும். பெரிபெரி. தவிட்டில் இருக்கிற பி1 சத்து போய்விடுவதுதான் காரணம். முகாமில் இருந்த மருத்துவ ஆட்கள் தவிடு கிடைத்தால் அதை மருந்து மாதிரி அளந்து கொடுத்தார்களாம். கடல் தண்ணீரைத் தகரத்தில் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். ஊருக்கு வந்த பிறகும் தாத்தா பாட்டியைச் சோறு வடிக்க விடமாட்டார், வடித்தால் அந்தக் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடிப்பார். 1751இல் ஆற்காட்டுக் கோட்டையில் கிளைவ் 50 நாள் முற்றுகையில் கிடந்தபோது, நம் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வடிகஞ்சியைக் குடித்தார்கள் என்று ஆங்கிலேயர்கள் பெருமையாகச் சொல்லும் கதை உண்டே, அதைப் பள்ளியில் கேட்டுவந்து தாத்தாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "சத்து இருந்த பக்கத்த நம்மாளு எடுத்துகினான்" என்றார். கிளைவின் பெயர் நிற்கிறது. கஞ்சி குடித்தவர்களில் ஒருவர் பெயரும் நிற்கவில்லை.

அப்புறம் மனசு. இது எனக்கே ராணுவத்தில் பாதிக்காலம் போன பிறகுதான் புரிந்தது. தாத்தா போருக்கு முன்னால் எங்கள் ஊர் பாரதக்கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டியவர். முகாமில் விளக்கு கிடையாது, சத்தம் போட்டால் அடி. இரவில் படுத்தபடியே, பக்கத்தில் கிடந்த நாலைந்து தமிழாட்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கூத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருவாராம். வில் வளைப்பு, பகடைத் துயில், அர்ச்சுனன் தபசு என்று ஒவ்வொரு இரவுக்கும் கொஞ்சம். அஞ்ஞாதவாசத்துக்கு வந்ததும், யாரோ ஒருவர், "இத்த மட்டும் சீக்கிரம் முடிக்காத" என்றாராம். பாண்டவர்கள் வேறு பெயரில் வேறு வேலையில் ஒளிந்திருந்த ஒரு வருடத்தை இவர்கள் எத்தனையோ மாதம் நீட்டிக்கொண்டே போனார்கள். கேட்ட ஐந்து பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் திருவண்ணாமலைப் பக்கம், ஒருவர் குடியாத்தம். அவர்கள் எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாவுக்கு வந்தபோது நான் பார்த்திருக்கிறேன். கூத்து நடக்கும்போது நாலு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஊரில் என் பாட்டிக்கு வந்தது 'காணவில்லை' என்ற ஒரு காகிதம். தபால்காரர்தான் படித்துச் சொன்னார். ஒரு வருடம் பொறுத்த பெரியவர்கள், காரியம் பண்ணிவிடலாம், தாலியை எடுத்துவிடு என்றார்கள். பாட்டி, "பொணத்தக் காட்டு, அப்புறம் கழட்டறேன்" என்று சொல்லிவிட்டு நாற்று நடப் போய்விட்டார். 1945 செப்டம்பர் 6 அன்று ரபாவுலில் ஜப்பானியர் சரணடைந்தார்கள். தாத்தா ஊர் வந்து சேர 1946 ஆகிவிட்டது. சிறைப்பட்டவர்களின் பட்டியல் போட்டால் பாட்டி மாதிரி ஆட்களுக்கும் அதில் ஒரு ஓரம் வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் இதே விஷயமாக ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "தாத்தா வீரமரணமா சார்?" என்றார். இல்லை என்றேன். "தியாகியா?" அதுவும் இல்லை. "அப்போ இத எந்த ஃபைல்ல சார் போடறது?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. உயிரை விட்டவருக்குத் தலைப்பு இருக்கிறது, விடுதலைக்குப் போராடியவருக்கு இருக்கிறது. பிடிபட்டு, பட்டினி கிடந்து, தாங்கி, வீட்டுக்கு வந்து ஏர் ஓட்டியவருக்குத்தான் தலைப்பு இல்லை.

சிறையைப் பற்றி நம் ஊருக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திப்புவின் குடும்பத்தைக் கோட்டையில் வைத்திருந்தார்கள். கண்டியின் கடைசி மன்னர் 1832இல் கைதியாகவே இங்கு இறந்தார், பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. 1806 ஜூலை 10 வேலூர்ச் சிப்பாய் எழுச்சிக்காக ஆண்டுதோறும் மக்கான் நினைவுத் தூணில் தாங்களே மலர் வைக்கிறீர்கள். அந்த எழுச்சி அடங்கியதும் சுவரோரம் நிறுத்திச் சுட்டவர்கள் போக, விசாரணை நடத்தி 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், 5 பேரைத் துப்பாக்கியால் சுட்டார்கள், 8 பேரைத் தூக்கிலிட்டார்கள், 5 பேரை நாடு கடத்தினார்கள். தப்பி ஓடிப் பிடிபட்ட நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாதக்கணக்கில் சிறையில் கிடந்ததை யாரும் பேசுவதில்லை. அரச குடும்பத்துக் கைதிக்கு மண்டபம் இருக்கும் ஊரில் சிப்பாய்க் கைதிக்கு ஒரு தாளாவது இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் ஒன்றியத்துக்கு ஒருநாள் வீதம் முகாம் நடத்தி, குடும்பங்களிடம் இருக்கும் டிஸ்சார்ஜ் புக், பே புக், கடிதம், பதக்கம், போட்டோ எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, அசலை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட ஏற்பாடு செய்ய வேண்டும். அசலைக் கேட்டால் யாரும் கொண்டுவர மாட்டார்கள், நானே மாட்டேன். முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர், 1962 சீனப் போர், 1965, 1971 என எல்லாக் காலத்துக் கைதிகளும் இதில் வர வேண்டும். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர், சேராதவர் என்று இரண்டு பட்டியல் போட வேண்டாம். ஒரே பட்டியல், ஊர் வாரியாக. தாத்தாவும் அவர் நண்பரும் ஒரே பக்கத்தில் வரட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய காகிதங்களில் 'வட ஆற்காடு ஜில்லா' என்றுதான் இருக்கும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. போளூர்க்காரர் பெயரும் வாலாஜாக்காரர் பெயரும் இப்போது வேறு வேறு ஆட்சியர் கையில் இருக்கின்றன. அதனால் தாங்கள் மற்ற மூன்று ஆட்சியர்களுக்கும் ஒரு கடிதம் எழுதி வேலையைச் சேர்த்துச் செய்ய வேண்டுகிறேன். அவர்களுக்கும் இந்த மனுவின் நகலை அனுப்பியிருக்கிறேன்.

சேர்ந்த படிகளில் நல்லதைத் தேர்ந்து கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். மணிக்கூண்டுக் கல்வெட்டைத் தொடாமல், அதன் அருகில் அது என்ன சொல்கிறது என்று தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். காய்கறி வாங்க வரும் பையன் நின்று கழித்துப் பார்க்கட்டும். வேலூரைத் தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று கேலி பேசுவார்கள். அந்தக் கோயிலுக்கு 1981இல் சாமி திரும்ப வந்துவிட்டார். 263 பெயர்களைக் கொண்டுவருவது அதைவிடக் கஷ்டமாக இருக்காது என்று நம்புகிறேன்.

ஸ்கேன் வேலைக்கு ஆள் செலவு வேண்டாம். எங்கள் பகுதியில் கம்ப்யூட்டர் தெரிந்த முன்னாள் படைவீரர்கள் ஏழெட்டுப் பேர் சம்பளம் இல்லாமல் செய்யத் தயாராக இருக்கிறோம். அறை, மின்சாரம், ஒரு ஸ்கேனர், அலுவலக முத்திரையுடன் ஒரு ரசீதுப் புத்தகம், இவ்வளவு போதும். குடும்பங்கள் நம்பிக் கொடுக்க அந்த ரசீதுதான் முக்கியம். வரும் ஜூலை 10க்குள் ஒரு ஒன்றியமாவது முடிந்தால் அந்தப் பெயர்களை அன்றே தூணருகே வாசிக்கலாம்.

தாத்தாவின் பே புக்கில் ஈரம் ஏறி நடுப்பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்தால் கிழியும் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன். பாட்டிக்கு வந்த காகிதம் நன்றாக இருக்கிறது. இரண்டையும் அடுத்த திங்கட்கிழமை குறைதீர்வு நாள் கூட்டத்துக்கு நேரில் கொண்டுவருகிறேன். பார்வையிட்டு ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஹவில்தார்

இடம்: வேலூர்

இணைப்பு: தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக் நகல், பெயர், ராணுவ எண் அடங்கிய தனித்தாள், எங்கள் கிராமத்திலும் பக்கத்துக் கிராமங்களிலும் ஆவணம் தர ஒப்புக்கொண்ட குடும்பங்களின் கையெழுத்துத் தாள்.

நகல்: ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட ஆட்சித் தலைவர்கள்.