அர்ச்சுனன் தபசில் ஏ.ஆர். கதை செய்வோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்னும் பாறைச் சிற்பத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பிளவு இறங்குகிறது. அதில் நாகனும் நாகினியும் கைகூப்பியபடி மேலேறுகிறார்கள். பாறை உச்சியில் தொட்டி இருந்ததற்கான தடயம் உண்டு. அங்கே தேக்கிய தண்ணீரைப் பிளவு வழியே விழ விட்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. போனை உயர்த்திப் பிடித்தால் அந்தத் தண்ணீர் மறுபடி விழ வேண்டும். கேமரா காட்டும் காட்சியின்மேல் உருவங்களைச் சேர்த்துக் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டி (ஏ.ஆர்.) முறையில், இடம் சார்ந்து சொல்லும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி அரிது. வீட்டுக் கூடத்திலேயே பார்த்துவிடக்கூடிய கதையை இங்கே கொண்டுவந்து ஒட்டுவதில் பயனில்லை.

இத்தகைய முயற்சியில் இறங்குவோர் பலர் ஜி.பி.எஸ். புள்ளி ஒன்றைக் குறித்து, அதன்மேல் முப்பரிமாண உருவத்தை நிறுத்திவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. திறந்த வெளியிலேயே போனின் ஜி.பி.எஸ். ஏறத்தாழ 5 மீட்டர் தள்ளிக் காட்டும். பாறை ஓரத்தில் சிக்னல் பட்டுத் திரும்புவதால் இன்னும் விலகும். இரும்பு வேலி, நிறுத்திய வண்டிகள் பக்கத்தில் திசைகாட்டி 10 டிகிரி பிசகுவது சாதாரணம். 20 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது மூன்றரை மீட்டர் விலகல். பிளவில் விழ வேண்டிய தண்ணீர் யானையின் முதுகில் விழும்.

ஆகவே ஜி.பி.எஸ்.ஸைக் கதையை எழுப்ப மட்டும் வையுங்கள். 15 மீட்டருக்குள் வந்தால் தொடங்கட்டும், 25 மீட்டர் தாண்டினால் நிற்கட்டும். இரண்டுக்கும் ஒரே எல்லை வைத்தால், ஜி.பி.எஸ். ஆடும்போதெல்லாம் குரல் விட்டுவிட்டு ஒலிக்கும்.

உருவத்தைச் சரியான இடத்தில் நிலைநிறுத்த, கேமரா அடையாளம் காணும் படம் அச்சிட்ட பலகை தேவை. கூகுளின் ஏ.ஆர். மென்பொருளான ஏ.ஆர்.கோர் தட்டையான படத்தைத்தான் அடையாளம் காணும். புடைப்புச் சிற்பம் தட்டையானதல்ல, காலைக்கும் மாலைக்கும் அதன் நிழல்களும் மாறும். படத்தின் தரத்துக்கு 100க்கு மதிப்பெண் தரும் கருவி அதிலேயே உண்டு. 75க்குக் கீழே வந்தால் வேறு படம் எடுங்கள். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், வெயில் பட்டால் கேமரா எதையும் காணாது. பலகை சரியாக இருந்தும் 1 டிகிரி சாய்வுப் பிழை 15 மீட்டரில் 26 சென்டிமீட்டர் ஆகிவிடும். இதற்கு எளிய வழி, பிளவின் வெளிக்கோட்டைத் திரையில் காட்டி, அசல் பிளவோடு பொருத்தித் தட்டச் சொல்வது. பார்ப்பவர் சிற்பத்தை உற்றுப் பார்க்கும் முதல் கணமும் அதுவே.

தண்ணீர் நாகர்களுக்குப் பின்னால் ஓட வேண்டும், முகத்தின் மேல் அல்ல. அதற்குப் பாறையின் வடிவம் கண்ணுக்குத் தெரியாத மறைப்பாக உள்ளே இருக்க வேண்டும். 70 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி 150 முதல் 200 படங்கள் கையாலேயே எடுத்தால் அந்த வடிவம் கிடைக்கும். முக்காலிக்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும்.

சிற்பம் கிழக்கு நோக்கியது. காலையில் வெயில் முதுகுப்பக்கமிருந்து திரையில் அடிக்கும். பிற்பகலில் பாறை நிழலில் இருக்க, வானம் கேமராவைக் கூச வைக்கும். 7 மணிக்கும் 12 மணிக்கும் 4 மணிக்கும் தனித்தனியே சோதியுங்கள். போனை உயர்த்தும் காட்சி 90 நொடியைத் தாண்டக் கூடாது. கை வலிக்கும், வெயிலில் போனும் சூடாகித் திரை மங்கும். மீதியைக் குரலில் சொல்லலாம். கதை நின்று சொல்லப்படும் ஓர் இடத்துக்கான கோப்புகள் 15 எம்.பி.க்குள் அடங்கி, வருவதற்கு முன்பே இறங்கியிருப்பது நல்லது.

கதையிலும் கவனம் வேண்டும். ஒற்றைக் காலில் நிற்பவர் பாசுபதம் வேண்டும் அர்ச்சுனனா, கங்கையைக் கொணரும் பகீரதனா என்ற விவாதம் தீரவில்லை. செயலி தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் இரு கதைகளாகத் தரட்டும். பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும் அதன் காலடி எலிகளையும் குழந்தைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டாம்.

பாறையிலோ வேலியிலோ எதையும் ஒட்டக் கூடாது. வேலிக்கு வெளியே நடைபாதையோரம் தனிக் காலில் நிற்கும் பலகை ஒன்றைத் தொல்லியல் துறையே நிறுவினால், யார் செய்யும் செயலிக்கும் அதுவே பொதுவாகப் பயன்படும். ஆளுக்கொரு க்யூ.ஆர். தாள் ஒட்டும் நிலை வருவதற்குள் இதைச் செய்யக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏ.ஆர். கதை வடிவமைப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
செங்கல்பட்டு