ஓடுகிற தண்ணீரைத் தேடிப் போன ஆண்டு: செயலாளர் அறிக்கை

தலைவர் ஐயா, போசகர் மாஸ்டர், நிர்வாகசபையினர், வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிற பழைய அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைக்கிறார், அதனால் காசு விஷயத்தை நான் இங்கே தொடவில்லை. மாதக் கூட்டங்கள் நடந்தன, மாரி மழையில் ஒன்று தள்ளிப்போனது. பண்ணைக் கரையில் பிளாஸ்ரிக் பொறுக்கும் வேலையும் வழமைபோல நடந்தது, வந்து குனிந்து நிமிர்ந்த எல்லோருக்கும் நன்றி.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த அறிக்கையில் பெரும்பகுதி மலை ஓடையும், இறகால் கட்டிய போலி ஈயை நுனியில் வைத்து எறிகிற ஈத்தூண்டிலும்தான், ஏனென்றால் ஆண்டு முழுக்க எங்கள் தூண்டில் கழகத்தில் கதைத்தது அதைப் பற்றித்தான். பண்ணையிலும் அராலிக் கரையிலும் தங்கூசி என்கிற நைலோன் நூலில் இறால் குத்திக் கொடுவாவுக்கும் பாரைக்கும் காத்திருந்து பழகிய எங்களுக்கு இந்த ஆசையை ஊட்டியவர் போசகர் மாஸ்டர். மலையகத்தில் நெடுங்காலம் படிப்பித்தவர், அங்கே இருந்த காலத்தில் ஒரு தோட்டத்துப் பெரியவரிடம் ஈத்தூண்டில் எறியப் பழகினாராம். எண்பதைத் தாண்டியும் அவருடைய மணிக்கட்டு அதை மறக்கவில்லை.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல் நிலம், பெய்கிற மழை அப்படியே கீழே இறங்கிக் கிணற்று நீராகிவிடும். வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில் தெல்லிப்பழைப் பக்கமிருந்து ஓடி அராலியில் கடல்நீரேரியோடு சேரும், கோடையில் அது வெறும் வாய்க்கால். ஆகவே வருடம் முழுக்க, இரவு பகலாக, கல்லில் மோதி ஓடிக்கொண்டே இருக்கிற தண்ணீர் என்பது எங்கள் பிள்ளைகளில் பலருக்குப் பாடப்புத்தகத்துப் படம் மட்டும்தான். இந்தப் பயணத்தை ஒழுங்குசெய்ய நான் பிடிவாதமாக நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

போவதற்கு முன் முற்றவெளியில் பின்னேரங்களில் பயிற்சி வைத்தோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். நாங்கள் பழகிய தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஈத்தூண்டிலில் நுனியில் இருப்பது ஊதினால் பறக்கிற இறகுத் துண்டு, அதற்குப் பாரமே கிடையாது. பாரமெல்லாம் பூச்சுப் பூசிய தடித்த நூலில் இருக்கிறது. அந்த நூலைத் தலைக்குப் பின்னால் முழுதாக விரியவிட்டு, விரிந்து முடிகிற அந்த நொடியில் தடியை முன்னால் கொண்டுவந்து சட்டென்று நிறுத்த வேண்டும். பலத்தைக் கூட்டினால் நூல் காலடியில் குவியும், பொறுத்தால் நேராகப் போகும். தோளில் பலமுள்ள எங்கள் கடற்கரைப் பெடியள் இதில் திணறினார்கள், தையல் வேலை செய்கிற அக்கா ஒருவர் இரண்டாம் நாளே வடிவாக எறிந்தார். கொக்கிக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் கட்டித்தான் புல்தரையில் எறிந்தோம், சனம் நடமாடுகிற இடம் என்பதால் அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. சோளகக் காற்று எழும்பிய நாட்களில் பயிற்சி கஷ்டமாக இருந்தது, ஆனால் அந்தக் காற்றுக்குள் எறிந்து பழகினவர்களுக்கு மலையில் எதுவும் பாரமாகத் தெரியவில்லை.

ஈ கட்டும் வேலையை மாஸ்டர் வீட்டு விறாந்தையில் செய்தோம். சேவலின் கழுத்து இறகைக் கொக்கியில் சுற்றினால் அதன் மயிர்கள் விரிந்து நின்று ஈயைத் தண்ணீரில் மிதக்கவைக்கும். மயிலிறகின் பச்சை இழைகளை உடம்புக்குச் சுற்றலாம், அதன் மினுக்கம் உண்மைப் பூச்சியைப் போலவே இருக்கும். வன்னியில் உதிர்ந்து கிடந்த மயிலிறகுகளை ஒரு தம்பி பொறுக்கி வந்தான், சேவலிறகு எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டிலிருந்தே வந்தது. ஒவ்வொரு கொக்கியிலும் முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டோம், மீனின் வாயைக் கிழிக்காமல் கழற்றலாம், தப்பித் தவறி எங்கள் காதில் ஏறினாலும் கழற்றலாம்.

பயணத்துக்கு வான் வண்டியில்தான் போனோம். ஏ9 வீதியால் கண்டிக்கு, அங்கிருந்து மேலே. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். வேர்வையோடு புறப்பட்ட நாங்கள் அங்கே இறங்கியபோது பற்கள் அடித்துக்கொண்டன, போர்வை கொண்டுவரச் சொல்லி நான் அனுப்பிய செய்தியைச் சிலர் நம்பவில்லைப் போலிருக்கிறது. நாங்கள் தேடிப் போன ட்ரவுட் மீனுக்கு அந்தக் குளிர்தான் உயிர். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும், இருபது பாகைக்கு மேலே போனால் ட்ரவுட் திணறத் தொடங்கிவிடும். இந்த மீன் எங்கள் நாட்டு மீன் அல்ல. 1880களில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள், அது இங்கே பெருகவில்லை. பிறகு கொண்டுவந்த வானவில் ட்ரவுட்தான் மலை ஓடைகளில் தானாகவே இனம் பெருக்கி நிலைத்தது.

நாங்கள் நின்றது ஆக்ரா ஓயாப் பக்கம், தேயிலைக்கு நடுவே. அந்தத் தண்ணீர் கொத்மலை ஓயாவாகி, மகாவலியோடு சேர்ந்து, கடைசியில் திருகோணமலையில் கொட்டியாரக்குடாவில் கடலாகிறது. தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி எடுத்திருந்தோம். வழிகாட்டிய தம்பி தோட்டத் தொழிலாளரின் லயக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர், எந்தக் கல்லுக்குப் பின்னால் மீன் நிற்கும் என்று தன் வீட்டு முற்றம் மாதிரித் தெரிந்து வைத்திருந்தார். அவருடைய அம்மா தந்த ரொட்டியையும் கட்டச்சம்பலையும் நான் மறக்கமாட்டேன். இருநூறு வருடம் அந்த மலையை உழைத்து வளர்த்த சனத்தோடு எங்கள் ஊர்ச் சனத்துக்குப் போதிய உறவு இல்லை என்பது எனக்கு நெடுநாள் மனவருத்தம். தங்கும் இடத்தையும் சாப்பாட்டையும் இனியும் அந்தக் குடும்பங்களிடமே ஒழுங்குசெய்ய வேண்டும் என்று இங்கே எழுத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்து நிற்கும், சாப்பாடு மேலிருந்துதான் மிதந்து வரும். அதனால் நாங்கள் கீழேயிருந்து, மீனின் முதுகுப் பக்கமாக, குனிந்து, சில இடங்களில் முழங்காலில் நகர்ந்து போக வேண்டும். நிழல் தண்ணீரில் விழக் கூடாது. ஈ விழுந்த பிறகு நூல் அதை இழுக்கக் கூடாது, தண்ணீர் போகிற வேகத்திலேயே அது மிதக்க வேண்டும். ஒரு விரற்கடை இழுபட்டாலும் மீன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். இதற்குள் நிற்கிற மனிதனுக்கு வேறு எதையும் நினைக்க ஏலாது. ரியூசன் காசு, காணி வழக்கு, வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்புவதாகச் சொன்னது, மகளின் சம்பந்தப் பேச்சு எல்லாம் எங்கேயோ போய்விடும். யாரும் பிடித்துத் தள்ளி அவை போவதில்லை, தண்ணீரைப் பார்க்கிற கண்ணுக்கு அவற்றைப் பார்க்க நேரமில்லை, அவ்வளவுதான். வங்கியில் வேலை செய்கிற அங்கத்தவர் ஒருவர் அன்று மீன் ஒன்றும் பிடிக்கவில்லை, ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு இரவு முழுக்க நித்திரை கொண்டேன் என்று காலையில் சொன்னார். கோயிலுக்குப் போய் வந்த மாதிரி என்று வேறு சிலரும் சொன்னார்கள். எனக்கு அதைவிடச் சரியான சொல் கிடைக்கவில்லை.

தொலைபேசி விஷயம். ஓடையில் போன் வேண்டாம் என்ற எங்கள் விதியை முதலில் சிலர் எதிர்த்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், வீட்டில் வயதான அம்மா இருக்கிறார், அவசரத்துக்கு எப்படி? கடைசியில் சாரதி அண்ணையின் இலக்கத்தை எல்லா வீடுகளுக்கும் கொடுத்தோம், அவர் வானில் இருந்து கேட்டுக்கொள்வார், தேவையென்றால் ஓடிவந்து சொல்வார். இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்தது, தொடரலாம்.

அட்டைக்கடி எல்லோருக்கும் இருந்தது, உப்புப் பொட்டலம் கட்டாயம். மேலே மழை பெய்தால் ஓடை சடுதியாக ஏறும், தண்ணீர் கலங்கத் தொடங்கினால் உடனே கரையேற வேண்டும், இதில் மூத்தவர் இளையவர் என்ற பேச்சில்லை. வழுக்குகிற கல்லுக்கு ஏற்ற சப்பாத்து இல்லாதவர்களைத் தண்ணீரில் இறக்க நான் இனிச் சம்மதிக்கமாட்டேன்.

இனி, பொதுக்கூட்டம் முடிவெடுக்க வேண்டிய ஒரு விஷயம். பிடித்த மீனைத் திரும்ப விடுவதா, எடுப்பதா? கையை நனைத்துப் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றி விட்டோம், அது இதுவரை எங்கள் வழமை. ஆனால் ஓர் இளம் அங்கத்தவர் நல்ல கேள்வி கேட்டார். இந்த மீன் வந்தேறி, உள்ளூர்ச் சிற்றுயிர்களைத் தின்கிறது. ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில், உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு இறால் இனமே இருக்கிறது. அப்படியிருக்க, ட்ரவுட்டைக் காப்பாற்றி விடுவது அந்த உயிர்களுக்குச் செய்யும் அநியாயம் இல்லையா? அந்தப் பூங்காவுக்குள் நாங்கள் தூண்டில் கொண்டுபோவதில்லை, அதில் மாற்றமில்லை. வெளியே உள்ள ஓடைகளில் தோட்டத்தவர்கள் விடச் சொன்னால் விடுவோம், மற்ற இடங்களில் அன்றிரவுச் சமையலுக்குப் போதுமானதை எடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் கூட்டத்துக்கு வந்து கதையுங்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு சிலர் ஈத்தூண்டிலோடு கடல்நீரேரியில் இறங்கியிருக்கிறார்கள், விடியற்காலையில் திரளி மீன் குதிக்கிற ஆழமில்லாத இடங்களில். நல்ல முயற்சி. ஒன்று மட்டும், மீனவர்கள் களங்கண்டி என்கிற மீன்பிடி அடைப்புக் கட்டியிருக்கிற பக்கம் போகாதீர்கள். நாங்கள் ஆறுதலுக்குப் போகிறோம், அவர்களுக்கு அது சோறு.

கழகத்தின் தடிகள் எல்லோருக்கும் காணாது, வாங்க முடியாதவர்களுக்கு இரவல் கொடுக்கும் பதிவேடு ஒன்றை இந்த ஆண்டு தொடங்குகிறோம். பெண் அங்கத்தவர்கள் தனி வான் கேட்டிருக்கிறார்கள், நிர்வாகசபை ஒத்துக்கொண்டது. அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் முற்றவெளிப் பயிற்சிக்குக் கட்டாயம் வர வேண்டும், சந்தாவைப் பொதுக்கூட்டத்துக்கு முன் பொருளாளரிடம் கட்டிவிடுங்கள்.

செயலாளர்