ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் நடுவே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. கர்நாடக சங்கீத முதுகலைப் பாடத்தில் வரும் இலக்கணச் சொற்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் விளக்கம் கேட்டிருக்கிறாய். இரண்டு வரி விளக்கம் உன் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நானும் எழுதி அனுப்பினால் பரீட்சையோடு போய்விடும். பக்கவாத்தியம் வாசிக்கிறவனுக்கு இந்தச் சொற்கள் காதில் இருக்க வேண்டும். பாடுகிறவர் முதல் பிடியை, ராகத்தின் அடையாளமான அந்தச் சின்ன ஸ்வரக் கோவையை, முடிப்பதற்குள் ராகம் எதுவென்று விரலுக்குத் தெரிய வேண்டும். அங்கே யோசிக்க நேரம் கிடையாது. அதனால் நீ பாடியும் தாளம் போட்டும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். எல்லாவற்றையும் தொடப் போவதில்லை.

ராக லட்சணத்தில் தொடங்குவோம். ஆரபி, தேவகாந்தாரி இரண்டும் 29ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, சங்கராபரணத்தில் பிறந்தவை. இரண்டுக்கும் ஆரோகணம், ஏறும் வரிசை, ஸ ரி ம ப த ஸ. அவரோகணம், இறங்கும் வரிசை, ஸ நி த ப ம க ரி ஸ. காகிதத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் தியாகராஜரின் ஆரபிப் பஞ்சரத்தினத்தையும், அவரே தேவகாந்தாரியில் செய்த 'க்ஷீரஸாகர சயன'வையும் அடுத்தடுத்துப் பாடிப் பார். இரண்டையும் ஒரே ராகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆரபியில் காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) வந்த சுவடு தெரியாமல் கடந்து போகும். நடையில் விறுவிறுப்பு இருக்கும், அசைவு குறைவு. தேவகாந்தாரி நின்று நிதானமாகப் போகிற ராகம். ரிஷபத்தையும் (ரி) காந்தாரத்தையும் நீட்டி அசைத்துத்தான் அதன் முகம் தெரியும். எந்த ஸ்வரத்தில் நிற்கலாம், எதைத் தொட்டுவிட்டு நகர வேண்டும், எது அசையும், எந்தக் காலத்தில் பாடினால் ராகம் வாழும் என்கிற இத்தனையும் சேர்ந்ததுதான் லட்சணம். ஜீவ ஸ்வரம், நியாச ஸ்வரம், விசேஷ சஞ்சாரம் என்று உன் புத்தகத்தில் தனித்தனியாக இருப்பவை எல்லாம் இந்த ஒரே விஷயத்தின் பக்கங்கள். தர்பார் ராகத்தையும் நாயகி ராகத்தையும் இதே மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடிப் பழகு. ஆரோகண அவரோகணத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுகிற இடம் அதுதான்.

அடுத்தது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் அழுத்தியும் வழுக்கியும் பாடுகிற விதம். தசவித கமகங்கள் என்கிற பத்து வகையின் பெயரை ஒப்பிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவற்றில் சிலவற்றை நீ சின்ன வயதிலேயே பாடிவிட்டாய். ஸ்வரங்களை இரட்டை இரட்டையாகப் பாடும் ஜண்டை வரிசையில் இரண்டாவது ஸ்வரத்தைக் கீழேயிருந்து தட்டி அழுத்துவாயே, அதுதான் ஸ்புரிதம். அதையே இறங்கும்போது செய்வது பிரத்யாகதம். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள். ஆர்மோனியத்தில் அது சாதாரண காந்தாரக் கட்டை. கரகரப்பிரியாவுக்கும் அதே கட்டைதான். ஆனால் தோடியில் அந்த ஸ்வரம் ஓர் இடத்தில் உட்காராது. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்தியமம் வரை ஊஞ்சல் போல ஆடும். அந்த ஆட்டத்துக்குத்தான் காந்தாரம் என்று பெயர். வயலினில் என் விரல் போய் வருகிற தூரத்தைப் பார்த்தாலே உனக்குப் புரியும். கம்பிதம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் இருந்து 1904இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கம்பிதம், ஜாரு, நொக்கு, ஒரிக்கை, ரவை என்று ஒவ்வொரு கமகத்துக்கும் குறியீடு போட்டு ஸ்வரப்படுத்தியிருக்கிறார். நூலகத்தில் இருந்தால் ஒரு கீர்த்தனையையாவது அந்தக் குறிகளோடு பாடிப் பார்.

மேளப் பெயர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகின்றன என்று எழுதியிருந்தாய். புத்தகங்களில் தவறில்லை. வேங்கடமகி வழியில் முத்துசாமி தீட்சிதர் பின்பற்றிய அசம்பூர்ண மேள முறை ஒன்று, ஏழு ஸ்வரமும் வரிசையாக வரும் சம்பூர்ண முறை இன்னொன்று. 22ஆவது மேளத்துக்கு முதல் முறையில் தலைமை ராகம் ஸ்ரீராகம், இரண்டாவதில் கரகரப்பிரியா. விடைத்தாளில் எந்த முறையைச் சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

ஷட்ஜத்தின் (ஸ) இடத்தை மாற்றி வேறு ராகம் காட்டுகிற கிரக பேதம் எனக்குப் பிடித்த பகுதி. மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களை மாற்றாமல், ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் மத்தியமாவதி. காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம். பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி. தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. நம் ஊரில் இந்த எண்ணம் மிகப் பழையது. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் பேசுகிற பாலைகள் என்ற பழந்தமிழ் இசை வகைகள், குரலாக, அதாவது முதல் ஸ்வரமாக, நிற்கும் இடத்தை மாற்றிப் பிறக்கிறவைதான். செம்பாலையை ஹரிகாம்போதி என்று கொண்டால், படுமலைப்பாலை நடபைரவியாகவும், அரும்பாலை சங்கராபரணமாகவும், கோடிப்பாலை கரகரப்பிரியாவாகவும், விளரிப்பாலை தோடியாகவும், மேற்செம்பாலை கல்யாணியாகவும் வருகின்றன. இதையெல்லாம் ஆராய்ந்து எழுதிய ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' தஞ்சாவூரில் 1917இல் வந்தது. மேடையில் மட்டும் ஜாக்கிரதை. கிரக பேதம் செய்யும்போதும் தம்பூரா பழைய ஷட்ஜத்தில்தான் இருக்கும். அதை எதிர்த்துக்கொண்டு அதிக நேரம் புது ராகத்தில் நின்றால் கேட்கிறவருக்குச் சுருதி விலகின மாதிரி இருக்கும். தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

சரி, தாளம். நீ குழம்பியிருப்பது ஜாதி, நடை, களை மூன்றிலும்தான். லகுவில், அதாவது தட்டிவிட்டு விரல் விட்டு எண்ணுகிற பகுதியில், எத்தனை எண்ணுகிறோம் என்பது ஜாதி. ஓர் அட்சரத்தை, தாளத்தின் ஓர் எண்ணிக்கையை, எத்தனையாகப் பிரிக்கிறோம் என்பது நடை. திஸ்ர ஜாதி திரிபுடை என்றால் மூன்றும் இரண்டும் இரண்டுமாக ஏழு அட்சரம். ஆதி தாளத்தில் திஸ்ர நடை என்றால் எட்டு அட்சரம் எட்டாகவே இருக்கும், ஒவ்வொன்றிலும் மூன்று மாத்திரை, மொத்தம் 24. சதுஸ்ர நடையில் 32, கண்ட நடையில் 40, மிஸ்ரத்தில் 56, சங்கீர்ணத்தில் 72. களை என்பது ஒவ்வொரு தட்டையும் வீச்சையும் எத்தனை முறை போடுகிறோம் என்பது. இரண்டு களை ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், ஒரு முழுச் சுற்று, அதனால்தான் அவ்வளவு நீளமாகப் போகிறது. கையால் போட்டுப் பார்க்காமல் இந்த மூன்றையும் படிக்காதே.

பாட்டு தாளத்தில் தொடங்குகிற இடமான எடுப்பு அதைவிட முக்கியம். தாளத்தின் முதல் தட்டான சமத்தில் தொடங்காமல் தள்ளி எடுத்தால் அனாகதம், தாளத்துக்கு முன்பே எடுத்தால் அதீதம். ஒரு கணக்கு தருகிறேன். ஒரு களை ஆதி தாளம், ஒன்றரை இடம் எடுப்பு. அதாவது சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம், சதுஸ்ர நடையில் ஆறு மாத்திரை தள்ளி. சமத்தில் கோர்வையை, முடிவுக்கான ஸ்வரக் கணக்கை, தொடங்கி, ஓர் ஆவர்த்தனம் தாண்டி எடுப்பில் வந்து விழ வேண்டும் என்றால் 32உம் 6உம் சேர்ந்து 38 மாத்திரை வேண்டும். பத்து மாத்திரையில் ஒரு தீர்மானம், முடிப்புத் துண்டு, அமைத்து மூன்று முறை பாடு, இடையில் இரண்டு இடத்தில் நான்கு நான்கு மாத்திரையாகக் கார்வை, அதாவது இடைவெளி, விடு. முப்பதும் எட்டும் 38. கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பத்துக்குள் போடுகிற ஸ்வரங்கள் ராகத்தின் பிடியாக இருக்க வேண்டும். கணக்குக்காக சஹானாவில் தாண்டக் கூடாத ஸ்வரத்தைத் தாண்டினால் கோர்வை வந்து சேர்ந்தும் பிரயோஜனம் இல்லை. இந்தக் காலத்தில் கணக்கு கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். மதுரை மணி ஐயர் மேடையிலேயே கற்பனையாகப் பாடிய கல்பனா ஸ்வரங்களைக் கேள். பெரும்பாலும் சர்வலகுவிலேயே, கணக்கில்லாமல் தாளத்தின் இயல்பான ஓட்டத்திலேயே, ஓடும், அப்புறம் எங்கே எடுப்பு வந்தது என்று தெரியாமல் வந்து சேர்ந்திருப்பார்.

பாட்டின் ஒரு வரியை எடுத்து ராகத்தில் விரித்துப் பாடுகிற நிரவலுக்கு ஒரே ஒரு விதியைச் சொல்கிறேன்: சாகித்தியத்தின் எழுத்துகள் தாளத்தில் எங்கே விழுந்தனவோ அந்த இடங்களை விட்டு நகரக் கூடாது. மற்றதெல்லாம் உன் ராக ஞானம்.

பாணி என்ற கேள்விக்கு நீ எழுதிய பதில் நன்றாக இருந்தது. ஆனால் மும்மூர்த்திகளைப் பற்றி எழுதும்போது திராட்சா பாகம் (திராட்சை), நாரிகேள பாகம் (தேங்காய்), கதலீ பாகம் (வாழைப்பழம்) என்று சுவையின் பெயர் சொல்லி நிறுத்திவிட்டாய். தியாகராஜரிடம் ஒரே வரி சங்கதி சங்கதியாக, ஒவ்வொரு முறையும் மெட்டு மாறி, வளர்வதை, தீட்சிதரிடம் விளம்பமாக வந்துகொண்டிருந்த கீர்த்தனை மத்தியமகால சாகித்தியத்தில் வேகம் பிடிப்பதை, சியாமா சாஸ்திரியிடம் ஸ்வர சாகித்தியத்தையும் மிஸ்ர சாபு தாளத்தை அவர் கையாளும் விதத்தையும் எழுது. பாடுகிறவர்களின் பாணியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் வேகமான பிருகாக்களையும் எம்.டி. ராமநாதனின் தாழ்ந்த சுருதியையும் நிதானத்தையும் ஒரே நாளில் கேட்டால் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், என்ற சொல் தானாகப் புரியும். தோடி ஆலாபனைக்கு டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தை விடாதே.

பல்லவி பற்றிய கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. பூர்வாங்கம், அருதி, உத்தராங்கம், அனுலோமம் எல்லாம் கடிதத்தில் எழுதுகிற விஷயமே இல்லை. நவராத்திரிக்கு வரும்போது மாடியில் உட்காருவோம். அதற்குள் ஒன்றரை இடத்துக்கு அந்த 38ஐ மோகனத்தில் ஒன்றும் பைரவியில் ஒன்றுமாக நீயே அமைத்து, பாடிப் பதிவு செய்து அனுப்பு. பைரவியில் தைவதம் இரண்டு என்பதை மறக்காதே. ஏறும்போது சதுஸ்ருதி, இறங்கும்போது சுத்தம். கேட்டுவிட்டு வயலினில் பதில் வாசித்து அனுப்புகிறேன்.

அம்மா உன் தொண்டையைப் பற்றிக் கேட்கிறாள். காலையில் மந்திர ஸ்தாயி சாதகத்தை விட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா