சர்க்கரை டப்பா மேல் பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

"சர்க்கரையை நிறுத்துங்கள், துறுதுறுப்பு தானே அடங்கும்" என்று, ADHD எனும் கவனக்குறைவு–மிகை இயக்கக் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வரி. அவ்வளவுதான் வேலை என்றால் எங்களைப் போன்றவர்கள் எப்போதோ கடையைக் கட்டியிருப்போம். சர்க்கரையா மாற்று இனிப்பா என்று பெற்றோருக்கும் தெரியாமல் கொடுத்துச் சோதித்த ஆய்வுகளை 1995-இலேயே தொகுத்துப் பார்த்தார்கள். நடத்தையில் வித்தியாசம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஆய்வு இன்னும் வேடிக்கை. "உங்கள் பிள்ளைக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று நம்பவைக்கப்பட்ட தாய்மாருக்குப் பிள்ளை கூடுதலாகத் துள்ளுவதாகத் தெரிந்தது. உள்ளே போனதோ மாற்று இனிப்பு. தாங்கள் அறியாததல்ல.

அது போகட்டும். "நட்சத்திர அட்டை ஒட்டுங்கள்" என்று முன்பொரு முறை எழுதினீர்கள், சொன்னதைச் செய்தால் ஒரு நட்சத்திரம், அதற்கொரு பரிசு என்று. எப்படி என்று எழுதவில்லை. "சமத்தாக இரு" என்று இலக்கு வைத்தால் எதை எண்ணுவது? "மணி அடித்த 5 நிமிடத்துக்குள் நோட்டைப் பையில் வை" என்றால் எண்ணலாம். மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் பிள்ளை தோற்பதைவிட அதிகம் ஜெயிக்கவேண்டும். பரிசு அன்றைக்கே, வாரக் கடைசிவரை காத்திருப்பதுதான் இவர்களால் முடியாத காரியம். வாங்கிய நட்சத்திரத்தைக் கோபத்தில் பிடுங்கினால் அட்டை அத்தோடு செத்தது. பரிசு சலித்ததும் மாற்றவேண்டும். அடுத்த அறையிலிருந்து கத்துவதும் வீண். அருகே போய், முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே வேலை.

"மாத்திரை பிள்ளையை மயக்கிப் போடும்" என்பதும் உங்கள் பக்கங்களில் வந்ததுதான். இதற்குப் பொதுவாகக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மூளையைத் தூண்டும் ஊக்கி, தூக்க மருந்தல்ல. சாதாரண மாத்திரையின் வேலை மூன்று, நான்கு மணி நேரம். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும். எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பிள்ளை பொம்மைபோல் உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலும் அளவு கூடிவிட்டது, மருத்துவரிடம் உடனே சொல்லவேண்டும். ஆறு வயதுக்குக் கீழே முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி, மாத்திரை அப்புறம்.

இந்தக் கட்டுரைகளுக்கு நீங்கள் போடும் படத்துக்கு வருகிறேன். எப்போதும் சோபா மேல் குதிக்கும் பையன்! கடைசி பெஞ்சில் ஜன்னலையே பார்த்திருக்கும் பெண்பிள்ளைக்கும் இதே குறைபாடு இருக்கலாம். காது மந்தமாகவோ, தூக்கம் கெட்டதாகவோ, நொடிக்கணக்கில் வந்துபோகும் ஒருவகை வலிப்பாகவோகூட இருக்கலாம். அதையெல்லாம் பார்க்காமல் முத்திரை குத்துவது எவ்வளவு சுலபமாகிவிட்டது!

நான்கு வரித் திருத்தம் போடுங்கள். குறுக்கெழுத்துக்கு இடம் போதாதென்றால், அந்தப் பையன் படத்தையாவது மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியை