மூட்டைத் தாண்டாத தசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் கை மடங்கும் விதம் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். நடை நன்று, படம்தான் தவறு. அதில் மேற்கையின் முன்புறத் தசை மேற்கை எலும்பிலேயே தொடங்கி, முழங்கைக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு முனையும் ஒரே எலும்பில் இருந்தால் தசை எதை இழுக்கும்? எவ்வளவு சுருங்கினாலும் கை மடங்காது.

உண்மையில் இந்த முன்புறத் தசை, அதாவது இருதலைத் தசை, தோள்பட்டை எலும்பில் இரண்டு இடங்களில் தொடங்குகிறது. முழங்கையைத் தாண்டி, முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ஆர எலும்பைப் பற்றுகிறது. உள்ளங்கை மேலே பார்க்க முழங்கையை மடக்கி, அந்த மடிப்பில் விரல் வைத்துப் பாருங்கள்: விறைத்த கயிறுபோலத் தட்டுப்படுவது அதை எலும்போடு இணைக்கும் நாண். அது மூட்டுக்கு மிக அருகிலேயே பற்றியிருப்பதால்தான் தசை கொஞ்சம் சுருங்கியதுமே உள்ளங்கை அவ்வளவு தூரம் மேலே வந்துவிடுகிறது. பதிலுக்கு, கையில் 5 கிலோ இருந்தால் தசை அதைப்போலப் பல மடங்கு விசையோடு இழுத்தாக வேண்டும்.

கையை நீட்டும்போது அதே தசை "தள்ளுகிறது" என்ற வரியையும் திருத்த வேண்டும். தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும். நீட்டுவது பின்புற முத்தலைத் தசை. மேசைமேல் ஊன்றுகிறோமே, அந்த முழங்கை முனையில் அது பற்றியிருக்கிறது.

இயன்முறை மருத்துவரான எனக்கு இது வெறும் படப்பிழையாகத் தோன்றவில்லை. மணிக்கட்டில் கண்ணாடி கிழித்த ஒருவருக்கு முதலில் தோலுக்கு மட்டும் தையல் போட்டிருந்தார்கள். காயம் ஆறியது, கட்டைவிரல் நுனி மடங்கவேயில்லை. அறுவை செய்து நாணை இணைத்த பிறகு பயிற்சிக்கு வந்தவர், "விரலில் அடியே படலையே, அது ஏன் மடங்காமப் போச்சு?" என்று கேட்டார். அந்த நுனியை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது. அதன் நீண்ட நாண்தான் மணிக்கட்டு வழியாக விரலுக்குப் போகிறது. அது அறுந்தால் தசை தன்பாட்டுக்குச் சுருங்கும், விரல் சும்மா கிடக்கும். சட்டையை மடித்து, முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை அசைத்துக் காட்டினேன். தானும் தொட்டுப் பார்த்தவர் அதன்பின் ஒருநாளும் பயிற்சியைத் தவறவிடவில்லை.

அடுத்த இதழில் படத்தைத் திருத்தி வெளியிடுங்கள். நாண் மூட்டைத் தாண்டிப் போவது கண்ணில் படும்படி, அதை வேறு நிறத்தில் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்