எட்டே போதும், கதிர்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். டிசம்பரில் நண்பர்களோடு குதிரேமுக் மலை ஏறப் போவதாகவும், அடுத்த மாதம் கபினியில் காட்டுயிர் பார்க்க எண்ணியிருப்பதாகவும், அதற்காக 12×50, 10×42, 8×42 என்று மூன்று பைனாகுலர்களைக் குறித்து வைத்திருப்பதாகவும் சொன்னாய். தொலைபேசியில் விளக்கத் தொடங்கினால் பாதியிலேயே உனக்கு அலுவலக அழைப்பு வந்துவிடுகிறது என்பதால் எழுதியே அனுப்புகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 8×42 வாங்கு. காரணங்களைப் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்.

முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது எட்டு மடங்கைவிட மேலானது என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அந்தக் கருவி பறவையை மட்டுமல்லாமல் உன் கை நடுக்கத்தையும் பன்னிரண்டு மடங்காக்கும். ஏற்றம் ஏறி மூச்சு வாங்க நிற்கும்போதும், இயந்திரம் அணைக்காத ஜீப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் இதன் பொருள் உனக்குப் புரியும். இன்னொன்று, உருப்பெருக்கம் கூடக்கூடப் பார்வைப் பரப்பு குறுகும். ஆயிரம் மீட்டர் தொலைவில் ஒரு நல்ல 8×42 ஏறத்தாழ 130 மீட்டர் அகலத்தைக் காட்டும். 12×50 நூறு மீட்டர் காட்டினாலே பெரிது. சோலைக்காட்டில் கிளைக்குக் கிளை தாவும் சிங்கவால் குரங்கை அந்தச் சிறு வட்டத்துக்குள் பிடிப்பதற்குள் அது மூன்று மரம் தாண்டியிருக்கும். 10×42 தவறான கருவி அன்று. நீர்ப்பறவைகளைக் கரையில் நின்று பார்ப்பவர்கள் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் கை பழகாத உனக்கு எட்டு போதும்.

எண்களை நம்பி நானே ஏமாந்திருக்கிறேன். நீ பிறப்பதற்கு முன், ஒரு கடற்கரைக் கடையில் 30×60 என்று பொறித்த, சட்டைப்பையில் அடங்கும் பைனாகுலரை வாங்கிக் கூந்தன்குளத்துக்குக் கொண்டு போனேன். வரித்தலை வாத்துகள் சாம்பல் நிறப் பொட்டலங்களாகத் தெரிந்தன. வீட்டுக்கு வந்து அளவுகோலை வைத்துப் பார்த்தால், லென்ஸின் விட்டம் 22 மில்லிமீட்டர்! இயற்பியல் கற்பித்த நான் கடையிலேயே அளந்து பார்த்திருக்க வேண்டும். உன் அப்பா அதை வெகுநாள் சொல்லிச் சிரித்தார்.

இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பார். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×42-இல் அது 5.25 மில்லிமீட்டர், 12×50-இல் 4.2 தான். நண்பகலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் இந்த வேறுபாடு தெரியாது. விலங்குகள் நீர்நிலைக்கு வரும் அந்திப்பொழுதிலும், அடர்ந்த மரநிழலிலும், இருட்டிலும் தெரியும். இளம் கண்மணி இருளில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். என் வயதில் ஐந்தைத் தாண்டுவது அரிது. பகலில் மட்டும் நடப்பவனாக நீ இருந்திருந்தால், எடை குறைவு என்பதற்காக 8×32 வாங்கச் சொல்லியிருப்பேன். விண்மீன்களையும் பார்க்க ஆசைப்படுகிறாய். ஆகவே ஏறத்தாழ 650 கிராம் எடையைக் கழுத்தில் தாங்கிக்கொள். உடன் வரும் மெல்லிய வாரை எறிந்துவிட்டு, தோள்கள் இரண்டிலும் மாட்டும் பட்டையை வாங்கினால் பாரம் தெரியாது.

நம் வீட்டிலிருக்கும் பழைய 10×50, இத்தாலியரான போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற பிரிசம் (ஒளியை மடக்கித் திருப்பும் கண்ணாடிப் பட்டகம்) அமைப்பைக் கொண்டது. அதனால்தான் அதன் தோள்கள் அகன்றிருக்கின்றன. குறைந்த விலையில் தெளிவான காட்சி தருவது அவ்வகைதான். ஆனால் பெரும்பாலும் மழை தாங்காது, பையிலும் இடத்தை அடைக்கும். மலைக்கு நேர்க்குழாய் போன்ற ரூஃப் பிரிசம் வகையே உகந்தது. அதில் ‘ஃபேஸ் கோட்டிங்’, ‘ஃபுல்லி மல்டி கோட்டட்’ என்ற இரண்டும் (காட்சியைத் தெளிவாக்கப் பிரிசத்திலும் லென்ஸ்களிலும் பூசும் பூச்சுகள்) குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா என்று பார். உள்ளே நைட்ரஜன் நிரப்பி நீர்புகாதபடி மூடியதையே வாங்கு, ஏனெனில் நம் ஊர் ஈரத்தில் கண்ணாடிக்குப் பெரும்பகை பூஞ்சைதான். பழையதைத் தோலுறையிலேயே வைத்து, ஓர் ஐப்பசி மழைக்காலம் முழுவதும் பீரோவில் பூட்டிவைத்தேன். தை மாதம் திறந்தபோது பிரிசத்தின்மேல் சிலந்தி வலைபோல் படர்ந்திருந்தது. இப்போது அது இறுக மூடும் எவர்சில்வர் சம்படத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது.

நீ கண்ணாடி அணிபவன் என்பதை மறந்துவிட்டுத்தான் பட்டியல் போட்டிருக்கிறாய். ‘ஐ ரிலீஃப்’ என்ற அளவு, அதாவது முழுக் காட்சியும் தெரியக் கண்ணுக்கும் கண்ணருகு லென்ஸுக்கும் இடையே இருக்கக்கூடிய தூரம், 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இல்லையேல் வட்டத்தின் ஓரம் வெட்டுப்பட்டுத் தெரியும். கண்ணருகே உள்ள ரப்பர் குவளைகளைக் கீழே திருகி இறக்கிவிட்டுப் பார். வலக்குழாயை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்கு. பிறகு இடக்குழாயை மூடி, வலக்கண்ணுக்குரிய வளையத்தை மட்டும் திருப்பு. ஒருமுறை செய்தால் போதும். அதன்பின் நடுச்சக்கரம் ஒன்றுதான் வேலை.

டிசம்பர் இரவில், நீங்கள் தங்கும் வீட்டு முற்றத்தில் விளக்குகளை அணைக்கச் சொல்லி இருபது நிமிடம் இருட்டில் இரு. வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகை, பைனாகுலரில் பல பத்து மீன்களாகச் சிதறும். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடைக்கச்சைக்குக் கீழே புகைபோல ஒரு நெபுலா (வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம்) இருக்கிறது. ஆண்ட்ரோமீடா விண்மீன்மண்டலம் மங்கலான நீள்வட்டமாகத் தெரியும். அந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. வியாழன் வானிலிருந்தால் சுவரில் முழங்கைகளை ஊன்றிப் பார்: 1610-இல் கலிலியோ கண்ட நான்கு நிலவுகளில் இரண்டு மூன்றாவது அகப்படும். சனியின் வளையம் தெரியாது. அதற்கு இந்த உருப்பெருக்கம் போதாது. நிலவைப் பௌர்ணமியில் பார்க்காதே, கண் கூசும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில்தான் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும். சூரியன் பக்கம் மட்டும் ஒரு நொடியும் திருப்பிவிடாதே, பார்வை போய்விடும்.

கருவி வந்து சேர்ந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், மொட்டைமாடியில் ஒரு பிரகாசமான விண்மீனைக் காட்சியின் நடுவில் வைத்துப் பார். பெங்களூரின் வெளிச்சத்திலும் அப்படி ஒன்றாவது கிடைக்கும். அது ஒரே புள்ளியாகத் தெரிய வேண்டும். இரண்டாகத் தெரிந்தாலோ, பார்த்த சிறிது நேரத்தில் நெற்றி வலித்தாலோ, இரு குழாய்களும் ஒரே திசையில் நிற்கவில்லை என்று பொருள். தயங்காமல் திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்று கேள்.

அன்புடன்,
அம்மா